உஷார்! டியூஷன் ஃபீஸ் கட்டியாச்சா? இனிமேல்தான் கவனம் வேணும்!

திருப்பதி, சித்தூர் பக்கத்து அம்மாக்களே, அப்பாக்களே! ஒரு நிமிஷம் நில்லுங்கள்.

பிள்ளையை டியூஷனில் சேர்த்துவிட்டீர்களா? ஃபீஸும் கட்டியாச்சா? "அப்பாடா, இனி அவங்க பாத்துப்பாங்க" என்று நிம்மதியாக உட்கார்ந்துவிட்டீர்களா?

உட்காராதீர்கள்!

பள்ளிக்கூடம் என்றால் மேலே எம்இஓ இருக்கிறார், டிஇஓ இருக்கிறார். ஏதாவது நடந்தால் கேட்க ஆள் உண்டு. தெருமுனை வீட்டு மாடியில் நடக்கும் டியூஷனுக்கு யார் இருக்கிறார்கள்? யாரும் வந்து பார்ப்பதில்லை. யாரும் கேட்பதில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு நம் பிள்ளை அந்தப் படியேறிப் போனால், ஏழு மணி வரை உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியாது.

தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து!

இதைக் கேளுங்கள். திருப்பதியில் ஒரு லாட்ஜில் வேலை செய்யும் அம்மா. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. மகன் தனியார் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் எட்டாம் வகுப்பு. தனக்குப் படிப்பு வராததால் பையனுக்குச் சொல்லிக்கொடுக்க முடியவில்லையே என்ற வருத்தம் அவருக்கு.

ஜூன் மாதம். அரசின் 'தல்லிக்கி வந்தனம்' திட்டப் பணம் கணக்கில் ஏறிய சமயம். சரியாக அதே வாரம் டியூஷன்காரர் வீட்டுக்கே வந்தார். "வருஷம் முழுக்க ஒரே தடவையா கட்டினா ஐயாயிரம் தள்ளுபடி. டென்ஷன் படகண்டி அம்மா, நேனு சூசுகுண்டானு" என்றார். அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னதை இவர் நம்பினார். அரசாங்கப் பணம் போதவில்லை. கம்மலை அடகு வைத்து மீதியைக் கட்டினார். ரசீது கேட்கவில்லை. கேட்டால் மரியாதைக் குறைவோ என்று கூச்சம்.

தினமும் நோட்டைப் பார்த்தார். முத்து முத்தான எழுத்து. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் டிக். மனசு குளிர்ந்தது.

ஆனால் பையன் தினமும் ஐந்து மணி ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். "நடிக்காதடா, பணம் கட்டியிருக்கு" என்று அனுப்பினார்.

பள்ளித் தேர்வு முடிந்து மார்க் வந்தது. கணக்கில் பதினாலு!

பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர். பையனைக் கூப்பிட்டு ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்தார். முக்காலையும் அரையையும் கூட்டச் சொன்னார். பையன் மேலே இருந்த மூன்றையும் ஒன்றையும் கூட்டினான். கீழே இருந்த நான்கையும் இரண்டையும் கூட்டினான். ஆறில் நாலு என்று எழுதினான். முக்காலோடு அரையைச் சேர்த்தால் முக்காலைவிடக் குறைந்து போகுமா என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. பின்னம் அவனுக்குச் சின்ன வகுப்பிலேயே நின்றுபோயிருந்தது. டியூஷனில் நடந்ததோ எட்டாம் வகுப்புச் சமன்பாடு. போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதினான். டிக் வாங்கினான். அவ்வளவுதான்!

வயிற்றுவலிக்குக் காரணமும் அன்றுதான் வெளியே வந்தது. டியூஷனில் அவனை உட்கார வைத்திருந்த வரிசைக்குப் பெயர் 'வேஸ்ட் பேட்ச்'.

அடுத்த மாதம் அந்த மாடிக்குப் பூட்டு. போன் ஸ்விட்ச்டு ஆஃப். பணம் போச்சு. வருஷமும் போச்சு.

நம் வீட்டில் இப்படி நடக்காது என்று நினைக்கிறீர்களா? அந்த அம்மாவும் அப்படித்தான் நினைத்தார்! கீழே இருக்கும் அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் விழித்துக்கொள்ளுங்கள்.

அபாயம் 1: மொத்தப் பணமும் முன்னாலேயே கேட்கிறார்களா?

உஷார்! முழு வருஷப் பணமும் கைமாறிய நிமிஷமே உங்கள் பேச்சுக்கு மதிப்பு போய்விடும்.

மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. முழுப் பணம் கட்டிய மாணவர் பாதியில் விலகினால், மீதிக் காலத்துக்கான பணத்தை 10 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும் என்று அதில் இருக்கிறது. விடுதி, சாப்பாட்டுக் கட்டணமும் இதில் அடக்கம். கட்டிய பணத்துக்கு ரசீது தரவேண்டும். மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய், இரண்டாம் தடவை ஒரு லட்சம் அபராதம்.

ஆனால் கவனியுங்கள். 50 பேருக்கு மேல் படிக்கும் மையங்களுக்குத்தான் இந்த நெறிமுறை. 30 பிள்ளைகள் படிக்கும் மாடி வீட்டு டியூஷன் இதில் வராது. அங்கே இன்ஸ்பெக்டர் நீங்கள்தான்!

மாதாமாதம் கட்டுங்கள். போன்பே, கூகுள் பே என்று கணக்கில் தடம் இருக்கும்படி கட்டுங்கள். ரசீது கேட்க வெட்கப்படாதீர்கள்.

"கையில காசு இல்லன்னா இஎம்ஐ போட்டுக்கலாம்" என்றால் இன்னும் உஷார்! பல இடங்களில் அது தவணை கிடையாது, உங்கள் பெயரில் வாங்கும் கடன். டியூஷன் நின்றாலும் கடன் நிற்காது. ஆதார், பான் நகலோடு நீங்கள் போனில் அமுக்கும் ஓடிபி, கடன் பத்திரத்தில் போடும் கையெழுத்துக்குச் சமம். கல்வி ஆப்களின் தானியங்கிப் பணப்பிடிப்பில் சிக்காதீர்கள் என்று மத்தியக் கல்வி அமைச்சகமே 2021 டிசம்பரில் பெற்றோரை எச்சரித்தது.

பெரிய கம்பெனி என்றால் பயமில்லை என்கிறீர்களா? 2022 ஜூனில் ஆந்திர அரசே பைஜூஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டது. அந்த டிசம்பரில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதன் பாடங்களோடு டேப்லெட் கொடுத்தார்கள். 2024 ஜூலையில் அதே நிறுவனத்தின் மேல் திவால் நடவடிக்கை தொடங்கிவிட்டது! பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள்.

அபாயம் 2: "நூறு சதவீதம் கேரண்டி" என்று பேனரில் போட்டிருக்கிறார்களா?

திருப்பதி பஸ் ஸ்டாண்டிலிருந்து அலிபிரி வரை நிமிர்ந்து பாருங்கள். எத்தனை சிரித்த முகங்கள், எத்தனை ரேங்குகள்! அந்தப் பிள்ளைகள் அங்கே எத்தனை நாள் படித்தார்கள்? முழு வகுப்பா, நாலே நாலு மாதிரித் தேர்வா? யாருக்குத் தெரியும்!

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர் 13 அன்று இதற்கென்றே விதி கொண்டுவந்தது. வெற்றி உறுதி என்று விளம்பரம் செய்யக் கூடாது. தேர்ச்சி பெற்றவரின் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் அவர் போட்டோவைப் போடக் கூடாது. அவர் என்ன வகுப்பில், எத்தனை நாள் படித்தார் என்பதை மறைக்கக் கூடாது.

மார்க்குக்கு யாரும் கேரண்டி தர முடியாது. தருகிறேன் என்பவரிடம் பிள்ளையைத் தராதீர்கள்!

அபாயம் 3: ஆறாம் வகுப்பிலேயே ஐஐடி என்கிறார்களா?

'ஐஐடி ஃபவுண்டேஷன்', 'ஒலிம்பியாட் பேட்ச்'. கேட்கவே இனிக்கும். பெருக்கல் வாய்ப்பாடு தடுமாறும் பிள்ளைக்கு அது எதற்கு? 16 வயது ஆகாதவரையோ, பத்தாம் வகுப்புத் தேர்வை முடிக்காதவரையோ பயிற்சி மையத்தில் சேர்க்கக் கூடாது என்று அதே 2024 நெறிமுறை சொல்கிறது. பள்ளி நேரத்தில் வகுப்பு கூடாது. ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல் கூடாது. விடியற்காலையிலும் ராத்திரியிலும் கூடாது. வாரம் ஒரு நாள் லீவு கட்டாயம்.

பத்தாம் வகுப்பு முடித்த வீடுகளுக்கு கார்ப்பரேட் காலேஜ் பிஆர்ஓக்கள் வருவார்கள். அண்ணா, அக்கா என்று உறவு கொண்டாடுவார்கள். "இன்னைக்கே சீட் போட்டா சலுகை, நாளைக்குக் கிடையாது" என்பார்கள். அன்றைக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒரிஜினல் மெமோ, டிசியைக் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். பிடிக்கவில்லை என்று பிறகு வெளியே வர நினைத்தால், அந்தக் காகிதங்களே உங்களைக் கட்டிப்போடும்!

அபாயம் 4: வகுப்பு டீச்சரே டியூஷனுக்குக் கூப்பிடுகிறாரா?

கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 28. எந்த ஆசிரியரும் தனியாக டியூஷன் எடுக்கக் கூடாது. சட்டத்திலேயே இருக்கிறது. "என்கிட்ட வந்தா மார்க் பாத்துக்கறேன்" என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்பினால் புரிந்துகொள்ளுங்கள். வகுப்பில் சொல்ல வேண்டியதைத்தான் சாயங்காலம் காசுக்குச் சொல்கிறார். டியூஷனுக்குப் போகாத பிள்ளையின் கதி என்ன?

அபாயம் 5: படிக்கட்டு ஒன்றுதானா?

சிலபஸைக் கேட்கிறோம், ஃபீஸைக் கேட்கிறோம். படிக்கட்டைப் பார்த்தீர்களா?

சூரத், 2019 மே 24. வணிக வளாகத்தின் மேல்மாடியில் பயிற்சி வகுப்பு. தீப்பிடித்தது. இறங்க வழியில்லை. பிள்ளைகள் மேலேயிருந்து குதித்ததை நாடே டிவியில் பார்த்தது. 22 பேர் போனார்கள். டெல்லி, 2024 ஜூலை 27. பயிற்சி மையத்தின் அடித்தளத்தில் மழைத் தண்ணீர் புகுந்தது. மூன்று பேர் போனார்கள். கும்பகோணத்தை மறந்துவிட்டோமா? 2004 ஜூலை 16. ஒரே பள்ளியில் தீக்குப் பலியான 94 பிஞ்சுகள்.

நீங்களே மேலே ஏறிப் போங்கள். படிக்கட்டில் கேஸ் சிலிண்டர், செருப்புக் குவியல், டூவீலர் அடைத்துக்கொண்டு நிற்கிறதா? ஜன்னல் திறக்கிறதா? மொட்டை மாடியில் தகரக் கொட்டகை போட்டு வகுப்பா? மாற்று வழி உண்டா? இல்லை என்றால் பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு இறங்குங்கள்!

அபாயம் 6: கதவு மூடியிருக்கிறதா?

சொல்லவே நாக்கு கூசுகிறது. சொல்லாமல் விட முடியாது.

ஒரு பிள்ளையை மட்டும் "சந்தேகம் சொல்லித் தரேன்" என்று எல்லாரும் போன பிறகு நிறுத்தி வைக்கிறாரா? உங்களுக்கு வராத மெசேஜ் உங்கள் மகளுக்கு, மகனுக்கு ராத்திரியில் வருகிறதா? பரிசு, சாக்லேட், ரகசியம் என்று பேச்சு போகிறதா? அந்த வகுப்பை அன்றோடு நிறுத்துங்கள். பையன்தானே என்று அலட்சியம் வேண்டாம். போக்சோ சட்டம் 2012, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட ஆண், பெண் பிள்ளைகள் எல்லாருக்கும்தான். தப்பு நடந்தது தெரிந்தும் போலீசுக்குச் சொல்லாமல் மறைப்பதும் அந்தச் சட்டப்படி குற்றம். 'ஊர் என்ன சொல்லும்' என்று மூடி மறைக்காதீர்கள். 1098-க்குக் கூப்பிடுங்கள்.

அடியும் அப்படித்தான். "அடிச்சாவது படிக்க வைங்க சார்" என்று நாமே அனுமதி கொடுக்கிறோமே! பொறுப்பில் இருப்பவர் பிள்ளையைக் கொடுமைப்படுத்தினால், சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 75-ஆம் பிரிவில் மூன்று வருஷம் வரை சிறை உண்டு.

அபாயம் 7: ஐந்து மணி ஆனால் வயிற்றுவலியா?

தலைவலி, வயிற்றுவலி, "இன்னைக்கு ஒரு நாள் லீவு போடறேன்மா". ஒரு நாள் என்றால் சோம்பல். தினமும் என்றால் பயம்! எதற்குப் பயப்படுகிறது என்று உட்கார்ந்து கேளுங்கள்.

விசாகப்பட்டினத்தில் 'நீட்' பயிற்சிக்கு விடுதியில் தங்கிய 17 வயதுப் பெண் 2023 ஜூலையில் இறந்துபோனாள். அந்த வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று 15 நெறிமுறைகளைத் தந்தது. பள்ளிக்கும், பயிற்சி மையத்துக்கும், விடுதிக்கும் சேர்த்துத்தான். மார்க்கை வைத்துப் பிள்ளைகளை பேட்ச் பேட்சாகப் பிரிக்கக் கூடாது. நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தக் கூடாது. சக்திக்கு மீறிய இலக்கு வைக்கக் கூடாது. 100 பேரோ அதற்கு மேலோ படித்தால் மனநல ஆலோசகர் இருக்க வேண்டும்.

'வேஸ்ட் பேட்ச்' என்று ஒருவன் சொன்ன வார்த்தையைப் பிள்ளை உங்களிடம் வந்து சொல்லாது. உள்ளேயே வைத்துக்கொள்ளும். தூக்கம், சாப்பாடு, பேச்சு குறைந்தால் காத்திருக்காதீர்கள். 14416, டெலி மானஸ். இலவசம். எந்த நேரமும் பேசலாம்.

அபாயம் 8: "கொஸ்டின் பேப்பர் கிடைக்கும்" என்கிறார்களா?

2022 ஏப்ரல். பத்தாம் வகுப்புத் தேர்வு நடக்கும்போதே சித்தூர் மாவட்டத்தில் வினாத்தாள் வாட்ஸ்அப்பில் வந்தது. வழக்கு, கைது என்று அது எங்கெங்கோ போனது. ஆந்திராவில் தேர்வு முறைகேட்டைத் தடுக்க 1997-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. பணம் கொடுத்து அந்த மாதிரி வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தால் நீங்களும் வழக்கில் சிக்கலாம். பெரும்பாலும் வருவது பொய்ப் பேப்பர். அதை நம்பி மற்றதைப் படிக்காமல் போன பிள்ளையின் நிலைமையை யோசியுங்கள்!

அபாயம் 9: நோட்டு நிறைந்திருக்கிறது, பிள்ளைக்குப் புரிந்திருக்கிறதா?

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து இதுதான். சத்தமே போடாத ஆபத்து!

நம் வீட்டுப் பிள்ளைகளின் நிலைமையைப் பாருங்கள். அம்மாவிடம் தமிழ். கடையில் தெலுங்கு. பாடப் புத்தகம் இங்கிலீஷ். டியூஷன் சார் விளக்குவது தெலுங்கில். தெலுங்கு பேச வருகிறது என்பதற்காகத் தெலுங்கில் கணக்கு புரிந்துவிடுமா? பேச்சுக்கு வரும் வார்த்தை வேறு, பாடத்துக்கு வரும் வார்த்தை வேறு. எதுவும் முழுசாகப் பிடிபடாத பிள்ளை என்ன செய்யும்? மனப்பாடம் செய்யும். கேள்வியில் ஒரு எண்ணை மாற்றினால் முழிக்கும்.

அரசுப் பள்ளிப் புத்தகத்தில் ஒரு பக்கம் இங்கிலீஷ், எதிர்ப் பக்கம் தெலுங்கு என்று அச்சடித்துக் கொடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் தமிழ் வீட்டுப் பிள்ளைக்கு அந்த இரண்டு பக்கமும் அந்நியம்!

டியூஷன்காரர் நாளைய வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுப்பார். அதற்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம் என்று அவருக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் விட்டுப்போன பின்னத்தைத் திரும்ப எடுக்க அவருக்கு நேரமில்லை. ஒரே அறையில் மூன்று வகுப்பு, நாற்பது பிள்ளைகள். எப்படி முடியும்?

சரி, என்ன செய்வது?

சேர்ப்பதற்கு முன்: யார் சொல்லித் தருகிறார், என்ன படித்தார் என்று கேளுங்கள். பட்டப்படிப்புக்குக் குறைந்தவரைப் பயிற்சி மையத்தில் வைக்கக் கூடாது என்கிறது 2024 நெறிமுறை. ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' ஆரம்பித்தபோது, சாயங்கால வகுப்பில் இருபது பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர் என்றுதான் திட்டம் போட்டார்கள். அதுவும் காசில்லாமல்! காசு வாங்குகிற இடத்தில் அறுபது பேர் இருந்தால் அது டியூஷனா, கூட்டமா?

சேர்த்த பின்: மாதம் ஒரு தடவை சொல்லாமல் போய் நில்லுங்கள். "வெளியிலயே இருங்க" என்று தடுத்தால் அன்றே யோசியுங்கள்.

காசில்லாத உதவியை முதலில் தேடுங்கள்: அரசுப் பள்ளிகளில் பத்தாம் வகுப்புக்குத் தேர்வுக்கு முன் சிறப்பு வகுப்பு வைக்கிறார்கள். ஹெச்.எம்மைக் கேளுங்கள். புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடை போனில் காட்டினால் திக்‌ஷா ஆப்பில் பாடம் வரும். தமிழில் புரிய வேண்டுமா? தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். கல்வித் தொலைக்காட்சிப் பாடங்கள் யூடியூபில் இலவசம். பின்னம் பின்னம்தான், மாநிலம் மாறினால் மாறாது. தமிழில் புரிந்துகொண்ட பிள்ளை இங்கிலீஷில் எழுதக் கற்றுக்கொள்ளும்.

ஏமாந்துவிட்டீர்களா? அழுதுகொண்டு உட்காராதீர்கள். பணம் திருப்பித் தராவிட்டால் நுகர்வோர் உதவி எண் 1915. ஆன்லைனில் பணம் பறிபோனால் உடனே 1930. பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098 அல்லது 112. திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிறார்கள். 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டம். ஸ்ரீகாளஹஸ்தி, சத்தியவேடு பக்கத்தவர்கள் மனுவைத் தூக்கிக்கொண்டு சித்தூருக்கு அலைய வேண்டாம், திருப்பதிக்கே போங்கள்.

எழுத்துப் படிக்கத் தெரியாத அம்மாவாக இருந்தாலும் பரவாயில்லை. இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும் டியூஷன் நோட்டை எடுத்துவரச் சொல்லுங்கள். டிக் போட்ட ஒரு கணக்கைக் காட்டி, "இதை எனக்குச் சொல்லிக் கொடுடா கண்ணா" என்று தமிழிலேயே கேளுங்கள். புரிந்த பிள்ளை கையை ஆட்டி ஆட்டிச் சொல்லும். புரியாத பிள்ளை நோட்டைப் பார்த்து வாசிக்கும்.

வாசித்தால் திட்டாதீர்கள். அடுத்த மாத ஃபீஸைக் கட்டுவதற்கு முன் அந்த நோட்டோடு டியூஷனுக்கு நேரில் போங்கள்!